"அவளை ஏன் கொன்றீர்கள்?"

டெலிவிஷன் நாடகத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலித்தால், இருவரில் ஒருத்தி செத்துப் போவாள். மேல்நாடுகளில் இது நெடுங்காலமாக எழுதாத சட்டம் போல இருந்து வந்தது. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அதை எதிர்த்துக் கேள்வி கேட்டவர்கள் யார்?

அவள் பெயர் லெக்சா. வயதில் சின்னவள். ஆனால் பல குலங்களுக்குத் தலைவி. அவள் ஒரு வார்த்தை சொன்னால் படைகள் புறப்படும். ஒரு வார்த்தை சொன்னால் போர் நிற்கும்.

அவள் நிஜப் பெண் அல்ல. "தி ஹன்ட்ரட்" என்ற அமெரிக்க டெலிவிஷன் நாடகத்தில் வரும் பெண். "ஹன்ட்ரட்" என்றால் நூறு. அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்து விடுகிறது. விண்வெளியில் தப்பிப் பிழைத்தவர்கள், 97 ஆண்டுகள் கழித்து 100 இளைஞர்களைப் பூமிக்கு அனுப்புகிறார்கள். அவர்களை வழி நடத்துகிறவள் கிளார்க் என்ற பெண். பூமியிலேயே பிழைத்திருந்த மக்களுக்குத் தலைவிதான் லெக்சா.

முதலில் இருவருக்கும் பகை. பிறகு ஒப்பந்தம். பிறகு நட்பு. கடைசியில் காதல்!

2016-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி அந்த நாடகத்தின் ஒரு பகுதி ஒளிபரப்பாயிற்று. நெடுநாள் தயங்கிய இருவரும் அன்றுதான் மனம் ஒன்றிச் சேர்ந்தார்கள். சில நிமிடங்கள்தான். துப்பாக்கி வெடித்தது. லெக்சாவின் ஆலோசகன் கிளார்க்கைக் குறி வைத்துச் சுட்டான். குண்டு தவறி லெக்சாவின் உடலில் பாய்ந்தது. கிளார்க்கின் கண் முன்னால் அவள் உயிர் பிரிந்தது.

அந்த நாடகத்தில் சாவு புதிது அல்ல. பலர் செத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு சாவு, பார்த்தவர்களைக் கொதிக்க வைத்தது.

கண்ணீரும் கோபமும்

அந்த நாடகத்தின் ரசிகர்களில் இளம் பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் லெக்சாவைப் போன்றவர்கள். ஆணை அல்ல, பெண்ணையே மணம் நாடுகிறவர்கள். இப்படிப்பட்ட பெண்களை "லெஸ்பியன்" என்று அழைக்கிறார்கள்.

இவர்களில் பலருக்கு வீட்டில் வாய் திறக்கப் பயம். பள்ளியில் கேலிக்குப் பயம். அப்படிப்பட்ட ஒரு பெண், இரவில் டெலிவிஷன் முன்னால் உட்காருகிறாள். வீரமும் அறிவும் உள்ள ஒரு தலைவி, தன்னைப் போலவே ஒரு பெண்ணை விரும்புவதைப் பார்க்கிறாள். "நானும் தலை நிமிர்ந்து வாழலாம்" என்று அவள் மனம் தேறுகிறது. அந்தச் சமயத்தில் துப்பாக்கி வெடித்தால் எப்படி இருக்கும்?

ரசிகர்கள் அழுதார்கள். ஆனால் அழுததோடு நிற்கவில்லை. பணம் திரட்டினார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதை ஒரு சங்கத்துக்குக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட இளைஞர்கள் மனம் உடைந்து தற்கொலைக்குத் துணியும்போது, டெலிபோனில் பேசி ஆறுதல் சொல்லிக் காப்பாற்றும் சங்கம் அது. "தி டிரெவர் புராஜெக்ட்" என்று பெயர்.

நாடகத்தைத் தயாரித்த ஜேசன் ராத்தன்பர்க் அதே மாதம் 24-ந் தேதி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். லெக்சாவாக நடித்த நடிகை வேறு நாடகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கதையில் அவளை எப்படியாவது அனுப்பியாக வேண்டும் என்பது அவருடைய விளக்கம். ஆனால் அனுப்பிய விதம் தவறு என்பதை ஒப்புக் கொண்டார்.

ஒரு கற்பனைப் பெண்ணின் சாவுக்கு ஏன் இத்தனை கோபம்? காரணம் இருக்கிறது. அது முதல் சாவு அல்ல!

அதே குண்டு

14 ஆண்டு பின்னால் போவோம். 2002-ம் ஆண்டு மே மாதம். "பஃபி" என்ற நாடகம் அமெரிக்காவில் சக்கைப் போடு போட்டுக் கொண்டிருந்தது. பஃபி என்ற பெண் பேய்களோடு சண்டை போடும் கதை. அவளுடைய தோழி வில்லோ. வில்லோவின் காதலி டாரா. இருவரும் மந்திரம் தெரிந்த கல்லூரி மாணவிகள்.

இருவருக்கும் இடையே ஒரு சண்டை. பிரிந்தார்கள். பிறகு மனம் மாறி ஒன்று சேர்ந்தார்கள். சேர்ந்த அடுத்த பகுதியிலேயே, பஃபியைக் கொல்ல வந்தவன் தோட்டத்தில் நின்று சுட்டான். ஒரு குண்டு குறி தவறி மாடி ஜன்னலை உடைத்துக் கொண்டு வந்தது. டாரா விழுந்தாள். அவள் ரத்தம் வில்லோவின் சட்டையில் தெறித்தது.

இன்னொரு வேதனை. டாராவாக நடித்த ஆம்பர் பென்சனின் பெயர், நாடகத் தொடக்கத்தில் முக்கிய நடிகர்களின் வரிசையில் முதல் தடவையாக வந்தது அன்றுதான்!

இரண்டு நாடகம். இரண்டு காதல். சேர்ந்த உடனே சாவு. இரண்டு இடத்திலும் குறி தவறிய குண்டு. இதைக் கண்டவர்கள் கேட்டார்கள்: "ஒவ்வொரு தடவையும் குண்டு எங்கள் பக்கமே ஏன் வருகிறது?"

தபால் இலாகாவுக்குப் பயந்து...

இந்த வழக்கத்தின் வேர் டெலிவிஷனில் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது.

1952-ம் ஆண்டு. அமெரிக்காவில் மாரிஜேன் மீக்கர் என்ற இளம் எழுத்தாளர், "வின் பேக்கர்" என்ற புனைபெயரில் "ஸ்பிரிங் ஃபயர்" என்ற நாவலை எழுதினார். கல்லூரியில் இரண்டு பெண்கள் காதலிக்கும் கதை. பதிப்பாளர் ஒரு நிபந்தனை போட்டார். கதை நல்லபடியாக முடியக் கூடாது!

காரணம், தபால் இலாகா. அந்தக் காலத்தில் புத்தகங்கள் தபாலில்தான் ஊர் ஊராகப் போகும். ஆபாசம் என்று தோன்றினால் தபால் இலாகாவினர் பறிமுதல் செய்து விடலாம். காதலித்த இரண்டு பெண்களும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று எழுதினால், "இதை நல்லது என்று சொல்கிறாயா?" என்று பிடித்துக் கொள்வார்கள். அதனால் ஒருத்திக்குப் பைத்தியம் பிடிப்பதாகக் கதை முடிந்தது. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

சினிமாவுக்கும் இதே விலங்கு. ஹாலிவுட் படக் கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித் தொகுப்பு வகுத்துக் கொண்டிருந்தன. 1934 முதல் அது கண்டிப்பாக அமலில் இருந்தது. இப்படிப்பட்ட காதலைப் படத்தில் காட்டவே கூடாது என்றது அந்த விதி. 1961-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்த ஆண்டு வந்த "தி சில்ட்ரன்ஸ் அவர்" படத்தில், தன் தோழியை விரும்பியதை ஒப்புக் கொண்ட ஆசிரியை தூக்குப் போட்டுக் கொள்கிறாள்.

பிறகு விதிகள் போய் விட்டன. தபால் இலாகாவின் கெடுபிடியும் போயிற்று. ஆனால் சாவு மட்டும் போகவில்லை! கதை எழுதுகிறவர்களின் கையில் அது பழக்கமாக ஒட்டிக் கொண்டது. ஏன் கொல்கிறோம் என்ற காரணம் மறந்து போயிற்று. கொல்வது மட்டும் மறக்கவில்லை.

மூன்று கொலைகாரிகள்

டெலிவிஷனில் தொடக்க காலத்தில் இந்தப் பெண்களுக்குக் கிடைத்த வேஷம் என்ன?

1974-ம் ஆண்டு நவம்பரில் "போலீஸ் உமன்" என்ற நாடகத்தின் ஒரு பகுதியை என்.பி.சி. கம்பெனி ஒளிபரப்பியது. முதியோர் விடுதியில் இருக்கும் வயதான பெண்களைக் கொன்று பணத்தைக் கொள்ளை அடிக்கிறார்கள் மூன்று பெண்கள். மூவரும் லெஸ்பியன்கள்!

நிஜப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கில் என்.பி.சி. அலுவலகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்து விட்டார்கள். இரவிலும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்புவது இல்லை என்று கம்பெனி ஒப்புக் கொண்டது.

வெள்ளித் தேநீர்ப் பாத்திரம்

மூன்றே ஆண்டில் வேறு ஒரு காட்சி வந்தது.

1977-ம் ஆண்டு அக்டோபர். "ஆல் இன் தி ஃபேமிலி" என்பது அமெரிக்கக் குடும்பங்கள் கூடி உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கும் நாடகம். ஆர்ச்சி என்பவர் பிடிவாதக்காரக் கணவர். எடித் என்பவள் வெகுளியான மனைவி.

எடித்தின் ஒன்றுவிட்ட சகோதரி லிஸ் இறந்து விடுகிறாள். அவள் ஒரு பள்ளி ஆசிரியை. அவளோடு வெரோனிகா என்ற இன்னொரு ஆசிரியை பல ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்து வந்தாள். குடும்பத்துச் சொத்தான வெள்ளித் தேநீர்ப் பாத்திரம் சட்டப்படி எடித்துக்குச் சேர வேண்டும். "அதை நான் வைத்துக் கொள்ளட்டுமா?" என்று கேட்கிறாள் வெரோனிகா. ஏன் என்று எடித்துக்குப் புரியவில்லை. தானும் லிஸ்ஸும் கணவன் மனைவி போல வாழ்ந்ததை வெரோனிகா மெல்லச் சொல்கிறாள்.

எடித் திகைக்கிறாள். பிறகு அவளுக்குப் புரிகிறது. இந்தப் பெண் துணையை இழந்தவள். ஆனால் துக்கம் விசாரிக்க இவளிடம் யாரும் வர மாட்டார்கள். பாத்திரம் உனக்குத்தான் என்று சொல்லி விடுகிறாள்.

ஆர்ச்சிக்கு வெள்ளி போகிறதே என்று ஆத்திரம். விஷயத்தை வெளியே சொல்லி ஆசிரியை வேலையைத் தொலைத்து விடுவேன் என்று மிரட்டுகிறார். எப்போதும் கணவருக்கு அடங்கிப் போகும் எடித், அன்று அடங்கவில்லை. கதாசிரியர்களுக்கு மறு ஆண்டு எம்மி பரிசு கிடைத்தது. டெலிவிஷன் உலகில் மிகப் பெரிய பரிசு அது.

நல்ல கதைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிஸ் என்ற பெண்ணை நாம் பார்ப்பதே இல்லை. கதை தொடங்கும்போதே அவள் செத்துப் போயிருக்கிறாள்!

ஒலிம்பிக்கில் ஒரு காட்சி

இங்கிலாந்திலும் இதே கதைதான்.

லிவர்பூல் நகரத்து மக்களின் கதையாக "புரூக்சைடு" என்ற தொடர் நாடகம் ஓடியது. 1994-ம் ஆண்டு ஜனவரியில் பெத் என்ற பெண்ணும் மார்கரெட் என்ற பெண்ணும் முத்தமிட்டுக் கொள்ளும் காட்சி அதில் வந்தது. இங்கிலாந்தில் குழந்தைகள் தூங்கப் போகும் முன்பு, குடும்பத்தோடு பார்க்கும் நேரத்தில், அப்படி ஒரு காட்சி வந்தது அதுவே முதல் தடவை. நாடே அதைப் பற்றிப் பேசியது.

பெத்தின் கதி என்ன? கொடுமைக்காரத் தகப்பனைத் தாயோடு சேர்ந்து கொன்ற வழக்கில் சிறைக்குப் போனாள். 1995-ல் சிறையிலேயே இருதய நோயால் இறந்தாள்.

ஆனால் அந்தக் காட்சி சாகவில்லை. 2012-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில், இங்கிலாந்தின் பெருமைகளைத் திரையில் காட்டினார்கள். சில கணங்கள் அந்த முத்தக் காட்சியும் வந்தது. உலகமே பார்த்தது.

ஒலிபெருக்கியில் சொன்ன ரகசியம்

சாகாமல் தப்பிய ஒருத்தியும் உண்டு. அவள் பெயர் எலன்.

"எலன்" என்ற அமெரிக்க நகைச்சுவை நாடகத்தில் எலன் டிஜெனரஸ் என்ற நடிகை தன் பெயரிலேயே நடித்து வந்தார். 1997-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி. கதையில் எலன் ஒரு விமான நிலையத்தில் நிற்கிறாள். தனக்குப் பெண்ணைத்தான் பிடிக்கும் என்பதைத் தோழியிடம் சொல்ல முயலுகிறாள். நா எழவில்லை. தட்டுத் தடுமாறிக் கடைசியில் சொல்லி விடுகிறாள். பக்கத்தில் ஒலிபெருக்கி! விமான நிலையம் முழுவதும் கேட்டு விடுகிறது!

நடிகையும் அதே சமயத்தில் தன் சொந்த வாழ்வின் உண்மையை உலகுக்குச் சொல்லி விட்டார். அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர். அலபாமா ராஜ்யத்தில் பர்மிங்காம் நகர டெலிவிஷன் நிலையம் ஒளிபரப்ப மறுத்தது. ஊர்க்காரர்கள் ஒரு பெரிய மண்டபத்தைப் பிடித்து, செயற்கைக் கோள் மூலம் வரவழைத்துக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

எலன் சாகவில்லை. ஆனால் மறு ஆண்டே நாடகத்தை நிறுத்தி விட்டார்கள்.

எண்ணிப் பார்த்தார்கள்

2016-ல் லெக்சா இறந்தபோது, ரசிகர்கள் இந்தப் பழைய கணக்கை எல்லாம் எடுத்துப் புரட்டினார்கள். "கிளாட்" என்ற அமெரிக்கச் சங்கம், டெலிவிஷனில் இப்படிப்பட்ட பாத்திரங்கள் எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்கு எடுத்து வருகிறது. பெண்ணை விரும்பும் பெண் பாத்திரங்களில் 25-க்கு மேல் 2016-ல் மட்டும் செத்திருப்பதாக அது தெரிவித்தது.

"கதை என்றால் எல்லோருந்தான் சாகிறார்கள். இவர்கள் மட்டும் சாகக் கூடாதா?" என்று சிலர் கேட்டார்கள்.

கேள்வி நியாயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு கிராமத்தில் நூறு கிணறு இருந்து, ஒன்று வற்றினால் யாரும் கலங்க மாட்டார்கள். இருப்பது ஒரே கிணறு, அதுவும் வற்றினால்? ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதை டெலிவிஷனில் ஆயிரம். ஒரு ஜோடி செத்தால் மற்ற ஜோடிகள் வாழும். இந்தப் பெண்களுக்குக் கிடைத்ததோ ஒன்றிரண்டு ஜோடிதான். அதிலும் ஒருத்தி செத்தால், பார்க்கும் பெண்ணுக்கு மிஞ்சுவது என்ன? "உனக்கு வாழ்வு இல்லை" என்ற ஒரே பாடம்தான்.

அவர்கள் சாகாவரம் கேட்கவில்லை. மற்றவர்களைப் போல வாழ்ந்து, சண்டை போட்டு, சமாதானம் ஆகி, முதுமை அடையும் கதையும் வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் அப்படி ஒரு கதை வந்தது. இங்கிலாந்து எழுத்தாளர் சார்லி புரூக்கரின் "பிளாக் மிரர்" வரிசையில் வந்த "சான் ஜூனிபெரோ". யார்க்கி, கெல்லி என்ற இரண்டு முதிய பெண்கள். ஒரு யந்திரத்தின் மூலம் இருவரும் இளமை திரும்பிக் கற்பனை ஊர் ஒன்றில் சந்திக்கிறார்கள். கடைசியில் அந்த ஊரிலேயே ஒன்றாக வாழ்கிறார்கள். 2017-ல் இதற்கு எம்மி பரிசு கிடைத்தது. பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் இதிலும் ஒரு வினோதம். அந்த ஊரில் நிரந்தரமாகக் குடியேற வேண்டுமானால், முதலில் உடலை விட்டுச் சாக வேண்டும்!

சுவருக்குள் ஒரு டைரி

பிழைத்து வாழ்ந்த பெண் கதையில்தான் இல்லை. சரித்திரத்தில் இருந்தாள்.

இங்கிலாந்தில் ஹாலிபாக்ஸ் என்ற ஊர். அங்கே ஷிப்டன் ஹால் என்ற மாளிகை. அதன் சொந்தக்காரி ஆன் லிஸ்டர். 1791-ல் பிறந்தவர். நிலபுலன்களையும் நிலக்கரிச் சுரங்கத்தையும் தானே நிர்வகித்தார். கறுப்பு உடைதான் உடுத்துவார். மலை ஏறுவார். தேசம் தேசமாகச் சுற்றுவார்.

அவர் எழுதிய டைரி சுமார் 50 லட்சம் சொற்கள்! அதில் ஆறில் ஒரு பங்கு ரகசிய எழுத்தில் இருந்தது. கிரேக்க எழுத்தும் கணக்குக் குறிகளும் கலந்து அவரே உண்டாக்கிய எழுத்து அது. பெண்களோடு தனக்கு இருந்த காதலை அதில்தான் எழுதினார்.

அவர் இறந்து ஐம்பது ஆண்டு கழித்து, அதே வம்சத்தைச் சேர்ந்த ஜான் லிஸ்டர் ஒரு நண்பரோடு உட்கார்ந்து அந்த ரகசியத்தை உடைத்தார். "நம்பிக்கை" என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் முதலில் பிடிபட்டது. அதைக் கொண்டு மற்ற எழுத்துகளைக் கண்டு பிடித்தார்கள். படித்ததும் திடுக்கிட்டார்கள். கொளுத்தி விடுங்கள் என்றார் நண்பர். ஜான் லிஸ்டருக்கு மனம் வரவில்லை. டைரிகளைச் சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்தார். பிற்காலத்தில் ஹெலனா விட்பிரெட் என்ற அம்மையார் பொறுமையாக உட்கார்ந்து படித்து, 1988-ல் ஒரு பகுதியை வெளியிட்டார்.

இந்த வாழ்வை டெலிவிஷன் நாடகமாக எழுதியவர் சாலி வெயின்ரைட். அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர். அவருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அவர் எழுதிய "லாஸ்ட் டாங்கோ இன் ஹாலிபாக்ஸ்" நாடகத்தில் கரோலின், கேட் என்ற இரண்டு பெண்கள் மணம் செய்து கொள்கிறார்கள். மணம் ஆன மறுநாளே கேட் கார் மோதி இறக்கிறாள்! 2015 ஜனவரியில் அதைப் பார்த்த ரசிகர்கள் மனம் வெதும்பினார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 2019-ல், அதே பேனாவிலிருந்து "ஜென்டில்மேன் ஜாக்" வந்தது. ஆன் லிஸ்டராக நடித்தவர் சுரான் ஜோன்ஸ். பக்கத்து எஸ்டேட்டின் வாரிசான ஆன் வாக்கர் என்ற பெண்ணை அவர் விரும்புகிறார். பயம், பிரிவு, பிடிவாதம் எல்லாம் வருகின்றன. முதல் பாகத்தின் முடிவில் துப்பாக்கி வெடிக்கவில்லை. கார் மோதவில்லை. இருவரும் மாதா கோவிலில் அருகருகே நின்று நற்கருணை வாங்குகிறார்கள். அது கற்பனை அல்ல. 1834-ம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகை அன்று யார்க் நகரில் நடந்தது. தங்கள் மண ஒப்பந்தமாக இருவரும் அதை எண்ணினார்கள்.

2022-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதோடு நாடகம் நின்று விட்டது. ஆனால் நின்றபோதும் இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

பழைய வழக்கம் அடியோடு ஒழிந்து விட்டதா? இல்லை. அதே 2022-ம் ஆண்டு ஏப்ரலில் "கில்லிங் ஈவ்" என்ற நாடகம் முடிந்தது. ஈவும் வில்லனெல்லும் கடைசியில் ஒன்று சேர்ந்தார்கள். சேர்ந்த கொஞ்ச நேரத்தில் வில்லனெல் சுடப்பட்டுத் தேம்ஸ் நதியில் மூழ்கினாள். ரசிகர்கள் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

பலகையில் ஒரு சொல்

நிஜமான ஆன் லிஸ்டரும் சாகத்தான் செய்தார். 1839-ல் ஆன் வாக்கரோடு வெகு தூரப் பயணம் போனார். 1840-ல் ஜார்ஜியா நாட்டில் காய்ச்சல் கண்டு 49-வது வயதில் இறந்தார். ஆன் வாக்கர் அந்த உடலைப் பல மாதப் பிரயாணம் செய்து சொந்த ஊருக்குக் கொண்டு வந்து சேர்த்தார். சாவு எல்லோருக்கும் வருவதுதான். காதலித்ததற்குத் தண்டனையாக அது அவருக்கு வரவில்லை.

இருவரும் நற்கருணை வாங்கிய யார்க் மாதா கோவிலில் 2018-ல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதில் ஆன் லிஸ்டரை ஏதோ சுற்றி வளைத்து வர்ணித்திருந்தார்கள். "லெஸ்பியன்" என்ற சொல் இல்லை. அந்தச் சொல்லை ஏன் விட்டீர்கள் என்று பெண்கள் பலர் ஆட்சேபித்தார்கள். 2019-ல், நாடகம் வெளிவந்த அதே ஆண்டில், பலகையை மாற்றினார்கள்.

புதிய பலகையில் அந்தச் சொல் இருக்கிறது. நாடகத்தைப் பார்த்து விட்டு ஊர் தேடி வருகிறவர்கள், அந்தப் பலகையின் முன் நின்று படித்து விட்டுப் போகிறார்கள்.